பார்பேடாஸில் கோலா மீன் தேடிய கதை

புதன், இரவு 11 மணி

விமான நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டு மீதிச் சில்லறையைப் பையில் போடப் போனேன். அதில் ஏழு மூலை கொண்ட ஒரு டாலர் நாணயம். திருப்பினால் கோலா மீன்! இறக்கையை விரித்துக்கொண்டு பறக்கிறது. எங்கள் நாகப்பட்டினத்தில் குவியலாகக் கொட்டி ஏலம் விடுகிற பறவைக் கோலாவுக்கு இங்கே காசில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அதுதான். கரீபியன் தீவான பார்பேடாஸின் தேசிய உணவு கூக்கூவும் பறக்கும் மீனும். நான் டொராண்டோவுக்குக் குடிபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே வஞ்சிரம் கிடைக்கும், நெத்திலிகூடக் கிடைக்கும். கோலா மட்டும் கண்ணில் பட்டதில்லை. பிப்ரவரிப் பனியில் ஒருநாள், இந்தத் தீவுக்கு ஐந்து மணி நேரம் பறந்தால் போதும் என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன். "மீன் திங்கறதுக்கு பிளேனா?" என்றாள் மனைவி. நாமக்கல்காரி. கடலைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள்.

வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ராணுவ உடை போலத் திட்டுத் திட்டாக அச்சிட்ட சட்டை, தொப்பி, பை எதையும் கொண்டுவராதீர்கள். இங்கே ராணுவத்தினர் தவிர வேறு யாரும் அதைப் போடுவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விதிவிலக்கு இல்லை.

தங்குமிடத்துக்கு எதிரில் ஒரு வண்டிக்கடை திறந்திருந்தது. 'கட்டர்' கேட்டேன். 'சால்ட் பிரெட்' என்கிற உருண்டை ரொட்டியை நடுவில் கீறி, பொரித்த மீனை உள்ளே வைத்துக் கொடுப்பது. பெயர்தான் உப்பு ரொட்டி, அப்படியொன்றும் உப்புக் கரிக்கவில்லை. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாஸ் பாட்டில். கடுகுச் சாந்து என்று நினைத்துத் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். கடுகும் மஞ்சளும் சேர்ந்தது உண்மைதான், ஆனால் அடியில் ஸ்காட்ச் பானட் மிளகாய் ஒளிந்திருந்தது. ஆந்திரா மெஸ்ஸெல்லாம் பார்த்தவன் நான். காது அடைத்துவிட்டது. கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் ஐஸ் போட்ட தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

கட்டரில் இருந்தது வேறு மீன். கோலாவை நாளைக்குப் பார்ப்போம்.

வியாழன்

காலையிலேயே ஒரு பாடம். பஸ் கட்டணம் மூன்றரை டாலர், எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் அதே. (இரண்டு பார்பேடாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர். 1975 முதல் அதே கணக்கு.) அரசின் நீல பஸ்ஸில் மீதி தர மாட்டார்கள். பத்து டாலர் தாளோடு ஏறப்போன எங்களை ஓட்டுநர் இரக்கத்தோடு பார்த்தார். இறங்கிவிட்டோம். பின்னாலேயே ஒரு வெள்ளை வேன் வந்தது. நம்பர் பலகையில் 'இசட் ஆர்' என்று தொடங்கும், ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. நம்மூர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். பாட்டுச் சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. நிறுத்தப் பலகைகளில் ஊர்ப் பெயரே இல்லை. 'நகரத்துக்கு', 'நகரத்துக்கு வெளியே', இரண்டே வகை. 430 சதுர கிலோமீட்டர் தீவுக்கு அது போதும்தான்.

தலைநகர் பிரிட்ஜ்டவுனில் முதலில் கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தின் வாசல். இந்த ஊர் கிரிக்கெட் வீரர் சோபர்ஸின் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை ஏழு ரன்னில் ஜெயித்து இருபது ஓவர் உலகக் கோப்பையை நாம் வாங்கியது இந்த மைதானத்தில்தான். எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த அந்த கேட்ச்சும் இங்கேதான். ஜெயித்த அணி இரண்டு மூன்று நாள் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டதே, அது பெரில் சூறாவளியால். நமக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி. இந்த ஊர் மீனவர்களுக்கு அப்படி இல்லை என்பது மீன் துறைமுகத்துக்குப் போனபோது தெரிந்தது. சூறாவளி தீவுக்குத் தெற்கே விலகித்தான் போனது, ஆனால் கடல் பொங்கி, கட்டியிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கிவிட்டது. கரையேற்றி வைத்த சில படகுகள் இன்னும் முட்டுக்கட்டை மேலேயே நிற்கின்றன.

மீன் கூடத்தில் வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம், பறக்கும் மீன் உண்டா என்று கேட்டேன். "இன்றைக்கு இல்லை. காற்று." அவ்வளவுதான் பதில். நான் விடவில்லை. எங்கள் ஊரிலும் இந்த மீன் உண்டு, தழையைக் கட்டாகக் கட்டிக் கடலில் மிதக்க விடுவார்கள், முட்டை போட அதனடியில் மீன் கூடும், வலையால் அள்ளுவார்கள் என்று கையையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். பெரியவர் தையலை நிறுத்தினார். "நாங்களும் அதைத்தானே செய்கிறோம்!" என்றார். இங்கே கரும்புச் சோகை, தென்னோலை மாதிரி எதையாவது கட்டி மிதக்க விடுவார்களாம். மிதப்பது எதுவாக இருந்தாலும் கோலா அதில் முட்டையை ஒட்டும். சோழமண்டலக் கரையிலும் அட்லாண்டிக்கின் மேற்கு ஓரத்திலும் ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆட்கள் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மீன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நாற்காலி போட்டார். 2011 முதல் சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி கூட்டம் கூட்டமாக வந்து சேர்கிறது. கடல் முழுக்கப் பாசி மிதந்தால் மீன் என் ஓலைக்கட்டை எதற்குத் தேடி வரும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மீன் தெற்கே டிரினிடாட் நாட்டைச் சேர்ந்த டொபாகோ பக்கம் போய்விடுகிறது என்பது இந்த ஊரின் பழைய புகார். துரத்திப் போன பார்பேடாஸ் மீனவர்களை டிரினிடாட்காரர்கள் பிடித்து வைத்ததும் உண்டு. கடைசியில் விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், 2006இல் கடல் எல்லையைக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கதையைக் கேட்கும் நாகப்பட்டினத்துக்காரனுக்கு வேறு கடல் ஒன்று ஞாபகம் வராமல் இருக்குமா?

சாயங்காலம் ஒரு ரம் ஷாப்புக்குப் போனோம். பெயரைப் பார்த்து டாஸ்மாக் என்று நினைக்க வேண்டாம். பாதி மளிகைக் கடை, பாதி திண்ணை. ஒரு சின்ன பாட்டில் ரம், ஒரு கிண்ணம் ஐஸ், ஒரு கோலா (இது குடிக்கிற கோலா) என்று மேசைக்கு வருகிறது. பக்கத்து மேசையில் டாமினோ ஆட்டம். காயைப் பலகை உடையும்படி அடித்து வைப்பதுதான் பாதி ஆட்டமே. இந்தத் தீவில் ரம்முக்கு வயசு அதிகம். மவுண்ட் கே ஆலையின் பத்திரம் 1703ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொட்டுக்கொள்ள மீன் உருண்டை கொடுத்தார்கள். மாவில் உப்புக் கருவாடும் மிளகாயும் தைம் இலையும் கலந்து உருட்டிப் பொரித்தது. நம்ம போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் கருவாடு காட் மீன், வடக்கே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குப் போட, கழித்துக் கட்டிய மட்ட ரகத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். அதே கப்பல் திரும்பும்போது ரம்மும் சர்க்கரைப் பாகும் ஏற்றிக்கொண்டு போகும். சுற்றிலும் கடல் இருக்கும் தீவில் ஏன் கருவாட்டு போண்டா என்று தின்ன ஆரம்பிக்கும்போது யோசித்தேன். காரணம் தெரிந்த பிறகும் நான்கு தின்றேன்.

வெள்ளி, நள்ளிரவு தாண்டிவிட்டது

ஆய்ஸ்டின்ஸ். தெற்குக் கரையில் மீன் சந்தை இருக்கும் ஊர். வெள்ளிக்கிழமை ராத்திரி தீவே இங்கே வந்துவிடும் என்றார்கள். மிகைப்படுத்தவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம். துறைப் பாலத்தின் ஓரத்தில் ஒருவர் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். குடலைத் தண்ணீரில் வீசும் இடத்தில் ஆமைகள், ஒன்றில்லை, நான்கைந்து. நம்மூர் மீன் சந்தையில் பூனைகள் காத்திருக்குமே, அந்த மாதிரிக் காத்திருந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கின்றன. மனைவி அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

இருட்டியதும் கடைகள் புகைய ஆரம்பித்தன. மரத்தில் அடித்த சின்னச் சின்னக் கடைகள், வண்ணம் கண்ணைப் பறிக்கிறது. ஒவ்வொன்றின் முன்னும் பாதியாக வெட்டிய டிரம்மில் கங்கு. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் பட்டியல்: மார்லின், டூனா, வஞ்சிரம், டால்ஃபின்.

"என்னங்க, டால்ஃபின்னு போட்டிருக்குது!" மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் நினைப்பது இல்லை, டார்லிங்" என்றார். மாஹி மாஹி என்று வெளியுலகம் சொல்லும் மீனுக்கு இங்கே பெயர் டால்ஃபின். வெளியூர்க்காரர்கள் பதறுவது அவர்களுக்கு வாராவாரம் கிடைக்கும் வேடிக்கை போல.

கோலா? "முடிந்துவிட்டது." அடுத்த கடையில் "இந்த வாரம் வரவில்லை." மூன்றாவது கடையில் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். சரி என்று மார்லின் கேட்டோம்.

நாற்பது நிமிடம் நின்று வாங்கிய தட்டு. தட்டு என்றா சொன்னேன், மூடி போட்ட தெர்மோகோல் பெட்டி மாதிரி ஒன்று, கையில் கனத்தது. கங்கில் வாட்டிய மார்லின் துண்டு உள்ளங்கை அகலம், ஓரம் கருகி நடுவில் ஈரம். மேலே பச்சை மசாலா. வெங்காயத்தாள், தைம், மார்ஜரம், பூண்டு, எலுமிச்சை, அந்தக் காது அடைக்கும் மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம், குளிர்பதனப் பெட்டியில் ஒரு பாட்டில் இல்லாத வீடு இருக்காது என்றார் வரிசை அம்மா. பக்கத்தில் துவரையும் சோறும் கலந்தது, வறுத்த நேந்திரம், அப்புறம் மேக்கரோனி பை. மேக்கரோனியைச் சீஸோடு கேக் மாதிரிச் சுட்டுச் சதுரமாக வெட்டி வைக்கிறார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மேக்கரோனியா என்று மனைவி கேட்டாள். இட்லிக்கு வடை தொட்டுக்கொள்கிற நாம் அதைக் கேட்கக் கூடாது.

நீள பெஞ்சில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரம் பஞ்ச் வாங்கினேன். அதன் கணக்கு இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வாய்பாடு: ஒரு பங்கு புளிப்பு, இரண்டு பங்கு இனிப்பு, மூன்று பங்கு காட்டம், நான்கு பங்கு சாது. அதாவது எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ரம், தண்ணீர். மேலே ஜாதிக்காய்த் தூள். அந்தத் தூளின் வாசனையில் ஒரு நிமிடம் கல்யாண வீட்டுப் பாயசம் ஞாபகம் வந்தது. இரண்டாவது டம்ளருக்குப் பிறகு ஞாபகங்கள் அவ்வளவு தெளிவாக இல்லை.

கோலா கிடைக்காததைப் பெஞ்சுக் குடும்பத்தின் தாத்தாவிடம் முறையிட்டேன். "சீஸ் ஆன் பிரெட்!" என்று கூவினார். ஏதோ சாப்பாடு சொல்கிறார் என்று நினைத்தேன். "அட கடவுளே" மாதிரியாம் அது. வடக்கே ஸ்பைட்ஸ்டவுனில் கடலோர பப் ஒன்று உண்டு, ஆனால் திங்கள் வரை பொறு என்றார். பொறுக்கிறேன்.

சனி

தலைவலி. சனிக்கிழமை இங்கே புட்டிங் அண்ட் சவுஸ் நாள். எலுமிச்சைச் சாற்றில் வெள்ளரிக்காயும் மிளகாயும் போட்டு ஊறவைத்த பன்றிக்கறி, ஆறிப்போய் வரும். கூடவே மசித்து அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பழைய முறையில் அதைப் பன்றிக்குடலில் அடைத்து அவிப்பார்களாம். புளிப்பும் குளிர்ச்சியும் தலைவலிக்கு இதமாக இருந்தது. மனைவி தொடவில்லை. அவளுக்குச் சீமைப்பலா வறுவல் வாங்கினோம். வாயில் போட்டதும் "நம்ம உருளைக்கிழங்குதான் இது, மரத்துல காய்ச்சிருக்குது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். அந்த மரம் இந்தப் பக்கத்துக்கு வந்ததே 1793இல்தான், கேப்டன் பிளை தாஹிட்டியிலிருந்து கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்தார். தோட்ட முதலாளிகளுக்கு அடிமைகளுக்கான சோற்றுச் செலவு குறைய வேண்டும், அதற்காக.

ஞாயிறு

பாதி ஊர் பூட்டிக் கிடக்கிறது. கிழக்குக் கரையில் பாத்ஷீபா போய்ப் பாறைகளையும் அலையையும் பார்த்தோம். கரையில் ஒரு முழ உயரத்துக்குப் பாசி. அழுகிய முட்டை நாற்றம். பெரியவரின் கோபம் இப்போது மூக்குக்கும் புரிந்தது.

ராத்திரி ஒரு தவறு செய்தேன். விடுதிகள் இருக்கும் தெருவில், பட்டியலில் பறக்கும் மீன் போட்டிருந்த ஒரு உணவகத்தில் நுழைந்துவிட்டேன். பெயர் வேண்டாம். விலை நேற்றுச் சாப்பிட்டதைப் போல இரண்டு மடங்கு, சேவைக் கட்டணம் தனி. தட்டில் வந்தது இரண்டு விரல் தடிமனுக்கு வெள்ளைத் துண்டு. கோலாவை முழுசாக விரித்தாலும் அந்தத் தடிமன் வராது. சின்ன வயசில் அம்மா ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனிடம் இந்த வேலையா? பரிமாறிய பையனிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் என்ன செய்வான், பாவம். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திங்கள்

ஸ்பைட்ஸ்டவுன். பிரிட்ஜ்டவுனிலிருந்து மேற்குக் கரையோடு வடக்கே முக்கால் மணி நேர பஸ் பயணம். கையில் சரியாக ஏழு டாலர் சில்லறை. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலோடு நேரடி வாணிபம் நடந்ததால் 'குட்டி பிரிஸ்டல்' என்று பெயர் பெற்ற ஊர். இப்போது மதிய நேரத்தில் தூங்கிவழிகிறது. கடற்கரையில் சில மரங்களின் தண்டில் சிவப்புப் பட்டை அடித்திருந்தார்கள். மான்சினீல் மரம். பழம் விஷம், பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைக்குக் கூட அதனடியில் ஒதுங்கக் கூடாது.

பிஷர்மன்ஸ் பப் தெருவில் இருந்து பார்த்தால் பழைய மரவீடு. உள்ளே நுழைந்து பின்பக்கம் போனால் பலகைத் தளம், அதற்குக் கீழேயே கடல். அலை தூண்களில் மோதும்போது மேசையில் உப்புமிளகுக் குப்பிகள் லேசாக அதிர்கின்றன. பரிமாறுகிறவர் மேசைக்கு வருவதெல்லாம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பாத்திரங்களில் வைத்திருப்பதைக் கை காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், நம்மூர் மெஸ் மாதிரி.

தலையில் வலை கட்டிய அம்மா கரண்டியோடு நின்றார். "என்ன வேண்டும், டார்லிங்?"

"பறக்கும் மீன் இருக்கிறதா?"

"பொரித்ததா, அவித்ததா?"

ஐந்து நாளில் எதிர்க்கேள்வி வந்தது இப்போதுதான். இரண்டும் என்றேன்.

பொரித்தது முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டியது, கை நீளம், வால் பக்கம் ஒட்டியபடி புத்தகம் மாதிரி விரிந்திருந்தது. அவித்தது பாய் மாதிரிச் சுருட்டித் தக்காளி, வெங்காயம், வெண்ணெய் போட்ட குழம்பில் கிடந்தது. பக்கத்தில் கவிழ்த்துக் கொட்டிய மஞ்சள் மேடு, கூக்கூ. நடுவில் கரண்டியால் குழி பறித்துக் குழம்பை ஊற்றினார்.

மீனை வாயில் வைத்தேன். கோலாதான். அந்த லேசான இனிப்பு, நார் நாராகப் பிரியாமல் மெத்தென்று உடைகிற சதை. ஒரே குறை, முள்ளே இல்லை. எங்கள் வீட்டில் கோலா என்றால் பேச்சு நின்றுவிடும், ஆளாளுக்கு முள் பொறுக்கிக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிடுவோம். இங்கே சந்தையிலேயே பெண்கள் சின்னக் கத்தியால் முள்ளெடுத்து, பத்துப் பத்தாகப் பையில் கட்டி விற்றுவிடுகிறார்கள். அது தனிக் கைவேலை. ஆனால் பேசிக்கொண்டே கோலா சாப்பிட எனக்குப் பழக்கமில்லை.

மனைவி மீனைப் பிறகு பார்க்கலாம் என்று கூக்கூவைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு விள்ளல் எடுத்துக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினாள்.

"என்னங்க, இது களி."

சோளமாவுக் களி. வெண்டைக்காயை வேகவைத்து, அந்த வழவழத் தண்ணீரிலேயே மாவைக் கொட்டிக் கிளறுகிறார்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் கைவழக்கம், சோளமாவு தோட்டத்தில் அளந்து போட்ட படி. நான்கு நாளாக எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கட்டி விழாமக் கிளறியிருக்காங்க. உப்புத்தான் ஒரு கல்லு கம்மி. வெண்டைக்காய் போட்டா கையில ஒட்டாதுன்னு நமக்குத் தோணாமப் போச்சே." தட்டோடு எழுந்து போய் அந்த அம்மாவிடம், எதால் கிளறுவீர்கள் என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டாள். அவர் உள்ளே போய் ஒரு கட்டையை எடுத்து வந்தார். தட்டையாக, கைப்பிடியோடு, குட்டி கிரிக்கெட் மட்டை போல. கூக்கூ ஸ்டிக்.

"துடுப்பு!" என்றாள் மனைவி. "துட்-டுப்-பு" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் கேழ்வரகா சோளமா, எத்தனை நேரம் கிளற வேண்டும், எந்தத் தோள் முதலில் வலிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை, ஒருவர் தன் பாட்டியின் பக்குவத்தையும் இடையில் சொன்னார். நான் மனைவியின் தட்டிலிருந்த பொரித்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டேன். வெளியே ஒரு கூழைக்கடா படகுக் கயிற்றின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு மணி பஸ்ஸை விட்டுவிட்டோம். துடுப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று மனைவி விலாசம் எழுதி வாங்கி வந்திருக்கிறாள். நாளை மறுபடியும் பிரிட்ஜ்டவுன் போக வேண்டும்.